சுவர் வெடித்தால் யாரிடம் சொல்வது?



மழைக்காலம் வந்துவிட்டால் நமது லயங்களில் ராத்திரிப் பேச்சே மாறிவிடும். "இன்னைக்கி கூரை தாங்குமா, பின்பக்கத்து மண்ணு தாங்குமா" என்று பேசிக்கொண்டேதான் பலர் படுக்கப் போகிறார்கள். இந்த இதழில் நாம் பேச எடுத்துக்கொண்டது மழையைப் பற்றி அல்ல. எதிர்பாராத ஒரு காரியம் நடக்கப்போவதற்கு அடையாளம் தெரியும்போது, ஒரு தோட்டமோ ஒரு சங்கமோ ஒரு அரசாங்க இலாகாவோ அதை எப்படிப் புரிந்துகொள்கிறது, புரிந்த பிறகு என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான். கேட்கும்போது ஏதோ பெரிய படிப்பு விஷயம் மாதிரித் தோன்றும். மீரியபெத்தையை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

2014ஆம் வருடம் ஒக்டோபர் மாதம் 29ஆம் திகதி, புதன்கிழமை. பதுளை மாவட்டம், ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவு, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டம். காலை ஏழு மணி தாண்டிய நேரம். பல பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்களில் சிலர் போயிருந்தார்கள், சிலர் வீட்டில் இருந்தார்கள். பல நாள் மழையில் ஊறிப்போயிருந்த மலை மேலிருந்து சரிந்து, லய வரிசைகளை அப்படியே மூடிவிட்டது. பள்ளிக்கூடம் போனதால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை.

அன்றைக்கும் அதற்கு அடுத்த நாட்களிலும் ரேடியோவிலும் பத்திரிகையிலும் வந்த எண்ணிக்கைகளை ஞாபகம் இருக்கிறதா? முந்நூறு பேர் என்றார்கள், இருநூறு என்றார்கள், நூறு என்றார்கள். கடைசியில் உறுதியான கணக்கு முதலில் சொன்னதை விட மிகவும் குறைவாக இருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலை வேளையில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார், யார் வேலைக்குப் போனார், யார் கொழும்புக்குப் போயிருந்தார் என்ற சரியான விபரம் உடனே யார் கையிலும் இருக்கவில்லை. எங்கே தோண்டுவது என்று கேட்டாலும் அதே கதைதான். எதிர்பாராத காரியம் வந்தால் முதலில் உடைவது மண் மட்டுமல்ல, "என்ன நடக்குது" என்று நமக்கு இருந்த விளக்கமும் சேர்ந்துதான் உடைகிறது.

இன்னொரு விஷயம் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அந்த இடம் ஆபத்தான இடம், அங்கிருந்து மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. அதாவது விஷயம் தெரியாமல் இருக்கவில்லை. தெரிந்திருந்தது. எழுத்தில் இருந்தது. அப்படியிருந்தும் 2014இல் அந்த லயங்களில் மக்கள் குடியிருந்தார்கள்.

"சொன்னாங்கதானே, ஏன் போகல்ல?" என்று வெளியில் இருப்பவர்கள் லேசாகக் கேட்டுவிடுகிறார்கள். நாங்கள் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொள்வதில்லை. லயம் தொழிலாளியின் சொத்து அல்ல. போவதற்கு வேறு காணித்துண்டு கிடையாது. வேலை அங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே, பின்னால் போட்ட மரக்கறித் தோட்டம் அங்கே, மாட்டுப்பட்டி அங்கே. போ என்று சொல்லும் கடிதத்தில் எங்கே போவது என்று இல்லாவிட்டால் அது பாதிக் கடிதம்தான். உயிர் தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. அதுவரை பல குடும்பங்கள் ஒரு பழைய தேயிலை ஸ்டோருக்குள் காலத்தை ஓட்டின. விபத்துக்குப் பிறகே வீடு கட்ட இரண்டு வருடம் எடுத்தது என்றால், விபத்துக்கு முன்னால் வந்த கடிதத்தை யார் எவ்வளவு பெரிதாக எடுத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்போது நமது தோட்டத்துக்கு வருவோம். ஒரு சேதி மேலே போகும் வழியைப் பாருங்கள். நாங்கள் ஒரு டிவிஷனுக்குப் போயிருந்தபோது பிள்ளை மடுவத்துக்குப் பின் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. பிள்ளை பார்க்கும் அம்மா எங்களிடம் சொன்னது: "போன மழைக்கி விரல் போற அளவுதான் இருந்துச்சி. இப்ப கையே போகுது. ராத்திரி என்னமோ சத்தமும் கேக்குது." அவர் அதைக் கங்காணியிடம் சொல்லியிருக்கிறார். கங்காணி கணக்கப்பிள்ளையிடம், "மடுவத்து சுவரு வெடிச்சிருக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். கணக்கப்பிள்ளை ஆபீசில் சொன்னபோது அது "சுவரில் சிறு வெடிப்பு" ஆகிவிட்டது. ஆபீஸ் புத்தகத்தில் நாங்கள் பார்த்தபோது, பிள்ளை மடுவம், சாந்து பூச வேண்டும் என்று எழுதியிருந்தது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினார்கள். ஆனால் முக்கியமான இரண்டு விஷயம் வழியிலேயே விழுந்துவிட்டது. ஒன்று, வெடிப்பு பெரிதாகிக்கொண்டு வருகிறது என்பது. மற்றது, ராத்திரிச் சத்தம். இந்த இரண்டும் இருந்தால் அது மண் நகரும் சேதி. இரண்டும் இல்லாவிட்டால் அது மேசனுக்கு ஒரு நாள் வேலை. பெரியதுரை கொழும்புக்கு அனுப்பும் அறிக்கையில் அது செலவுக் கணக்கில் ஒரு வரியாகத்தான் போய்ச் சேரும்.

கீழே இறங்கி வரும் சேதிக்கும் இதே கதிதான். ஆராய்ச்சி நிறுவனம் "இந்தச் சரிவில் குடியிருப்பு ஆபத்து" என்று எழுதும். பிரதேச செயலகத்தில் இருந்து "அவதானமாக இருக்கும்படி அறிவிக்கவும்" என்று வரும். லயத்துக்கு வந்து சேரும்போது "மழ பெய்யிது, கவனமா இருங்க" என்று இருக்கும். கவனமாக இருப்பது என்றால் என்ன செய்வது? முழித்துக்கொண்டு படுப்பதா?

இந்த மாதிரி விஷயங்களையே பல வருடமாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் வைக். ஒரு அமைப்பில் உள்ளவர்கள் கண்ணில் பட்ட அரைகுறை அடையாளங்களை வைத்துக்கொண்டு "இதுதான் நடக்குது" என்று ஒரு விளக்கத்தை எப்படிக் கட்டுகிறார்கள், அந்த விளக்கம் எப்போது அவர்களைக் காப்பாற்றுகிறது, எப்போது கெடுக்கிறது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். 1993இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகம் முழுக்கப் பேர் போனது. அது ஒரு காட்டுத்தீயைப் பற்றியது. கவ்வாத்து மலையில் குச்சி எரிப்பதை, பட்டனைத் தீப்பிடிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கதை விளங்காமல் போகாது.

1949ஆம் வருடம் ஓகஸ்ட் 5ஆம் திகதி. அமெரிக்காவில் மொன்டானா மாநிலம், மான் கல்ச் என்ற செங்குத்தான பள்ளத்தாக்கு. கீழே மிசூரி ஆறு ஓடுகிறது. காட்டில் தீ என்று சேதி வந்ததும், விமானத்தில் இருந்து பரசூட்டில் குதித்துத் தீ அணைக்கும் 15 பேர் போய் இறங்கினார்கள். ஏற்கெனவே அங்கே தீயோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு காவலாளியும் அவர்களோடு சேர்ந்தார். ஆக 16 பேர். அவர்களுடைய ரேடியோப் பெட்டியின் பரசூட் விரியாமல், பெட்டி விழுந்து நொறுங்கிப்போனது.

மேலே இருந்து பார்த்தபோது அது சாதாரணத் தீயாகத் தெரிந்தது. அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் அணைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். அந்த ஆட்களுக்குள் அப்படிப்பட்ட தீக்கு "பத்து மணித் தீ" என்றே பேர். பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பேரை வைத்துத்தான் நடந்தது. கீழே இறங்கிய பிறகு தலைவர் டொட்ஜ் அந்தக் காவலாளியோடு சாப்பிடப் போனார். தலைவரே சாப்பிடுகிறார் என்றால் அவசரம் இல்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தீயைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். டொட்ஜுக்குள் ஏதோ கவலை இருந்திருக்கிறது. இது சரியான இடம் இல்லை, ஆற்றுப்பக்கம் போவோம் என்று ஆட்களை நடத்திக்கொண்டு போனார். ஆனால் தன் கவலை என்ன என்று அவர்களுக்கு விளங்கும்படி சொல்லவில்லை.

ஆற்றை நோக்கி இறங்கும்போதுதான் தெரிந்தது, தீ பள்ளத்தாக்கைத் தாண்டி இந்தப் பக்கத்துக்கே வந்து, அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்கிறது. திரும்பி மேட்டைப் பார்த்து ஓடினார்கள். காய்ந்த புல். காற்று. நெருப்பு மேட்டில் ஏறினால் எவ்வளவு வேகம் என்று நமக்குத் தெரியும். டொட்ஜ் இரண்டு காரியம் செய்தார். கையில் உள்ள சாமான்களைப் போட்டுவிட்டு ஓடுங்கள் என்று கத்தினார். பிறகு, தீ பின்னால் துரத்திக்கொண்டு வரும்போது, நெருப்புக்குச்சியைக் கொளுத்தித் தனக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தீ வைத்தார். அது எரிந்து போன கரும்பரப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று மற்றவர்களைக் கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை. இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். தீக்குப் பயந்து ஓடும்போது தலைவர் தீ மூட்டுகிறாரே! அந்த வழியை அதற்கு முன்னால் யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. 13 பேர் இறந்தார்கள். மிஞ்சியது மூன்று பேர். டொட்ஜ் சாம்பலில் படுத்துத் தப்பினார். மற்ற இருவர் மேட்டு உச்சியில் இருந்த பாறை இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போய்த் தப்பினார்கள்.

டொட்ஜ் சொன்ன வழி சரியான வழி. அந்த நேரத்தில் உலகத்திலேயே அதைவிடப் புத்தியான யோசனை இருந்திருக்காது. ஆனாலும் ஒரு உயிரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை, தன் உயிரைத் தவிர. ஏன் என்றால் அந்த 16 பேரும் ஒருவரை ஒருவர் சரியாகத் தெரிந்தவர்கள் இல்லை. தலைவர் அதிகம் பேசாதவர். வைக் சொல்வது இதைத்தான்: ஆபத்து வரும் நேரத்தில் ஒரு கூட்டம் உடைந்து ஆளுக்கொரு பக்கம் சிதறினால், ஆட்களுக்குப் பயமும் கூடும், புத்தியும் குறையும். ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பும்படி முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். தீ வந்த பிறகு நம்பிக்கையை வாங்க முடியாது.

மற்றொன்று அந்தப் "பத்து மணித் தீ" என்ற பேர். நம்மிடமும் இப்படிப் பேர்கள் உண்டு. "இது வருஷா வருஷம் வர்ற மழதான்." "அந்த வெடிப்பு எங்க அப்பா காலத்துலயே இருந்துச்சி." "பீலித் தண்ணி கலங்கிறது மேல யாரோ கான் வெட்றாங்க." பேர் வைத்தவுடன் மனசுக்கு ஒரு நிம்மதி வருகிறது. பிறகு கண்ணால் காண்பதெல்லாம் அந்தப் பேருக்குள் அடங்கிவிடுகிறது, அடங்காதது கண்ணிலேயே படுவதில்லை. நாங்கள் படித்தவர்கள், நாங்கள் இப்படிச் செய்யமாட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆபீசில் இருப்பவர்களும் இப்படித்தான், நாங்களும் இப்படித்தான். மேலே சொன்ன மடுவத்துச் சுவரை முதல் தடவை போனபோது நாங்களும் பார்த்தோம், சாந்து விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் விளங்கியது.

சரி, எதிர்பாராததை ஓரளவுக்காவது சமாளிக்கிற அமைப்புகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. விமானந்தாங்கிக் கப்பல், அணுமின் நிலையம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் போன்ற இடங்களில் சின்னப் பிழை பெரிய சாவாக முடியலாம். ஆனாலும் பல காலம் விபத்தில்லாமல் ஓடுகின்றன. வைக்கும் அவரோடு சேர்ந்து எழுதிய கத்லீன் சட்கிளிஃப் என்ற பேராசிரியையும் 2001இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் வரும் ஒரு சம்பவம் எங்களுக்கு மறக்கவில்லை.

கார்ல் வின்சன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் மேல்தளத்தில் வேலை செய்த ஒரு சாதாரண சிப்பாய், தன்னுடைய ஆயுதம் ஒன்றைக் காணவில்லை என்று கண்டுபிடித்தார். ஆயுதம் என்றால் துவக்கு அல்ல, மெக்கானிக் வைத்திருப்பாரே, அந்த மாதிரி ஒரு சாமான். மேல்தளத்தில் அது எங்காவது கிடந்து விமான எஞ்சினுக்குள் இழுபட்டால் விமானமும் ஆளும் போய்விடும். தொலைத்தது இவர்தான். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் போய்ச் சொல்லிவிட்டார். உடனே வேலையெல்லாம் நிறுத்தப்பட்டது. வானத்தில் பறந்துகொண்டிருந்த விமானங்களைக் கரையில் உள்ள தளங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எல்லோரும் சேர்ந்து தளத்தைத் தேடி அந்தச் சாமானைக் கண்டெடுத்தார்கள். அடுத்த நாள் அந்தச் சிப்பாயை அதே தளத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திப் பாராட்டினார்கள்.

நமது தோட்டங்களில் என்ன நடக்கும்? ஸ்டோரில் ஒரு ஆணி ரோலருக்குள் விழுந்துவிட்டது என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், "கண்ணு எங்க இருந்துச்சி?" என்றுதான் முதல் கேள்வி வரும். அரைநாள் பேர் வெட்டினாலும் வெட்டுவார்கள். அடுத்த தடவை அந்தப் பிள்ளை சொல்லுமா? சொல்லாது. அப்படியானால் அந்த ஸ்டோரில் பிழையே நடக்காது என்று துரை நினைத்துக்கொண்டிருப்பார். கெட்ட சேதி கொண்டு வருபவரைத் திட்டுகிற இடத்தில் கெட்ட சேதி வருவது நின்றுவிடும், கெட்ட காரியம் நிற்காது. இதைத் துரைமார் மட்டும் அல்ல, தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தாரும் சேர்த்து யோசிக்க வேண்டும். "சும்மா பயங்காட்டாத" என்று ஒரு கிழவியை வாயடைப்பது நாம்தான், ஆபீஸ் இல்லை.

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு விஷயம் வருகிறது. நெருக்கடி நேரத்தில் தீர்மானம் எடுக்கும் உரிமை பதவியில் பெரியவரிடம் அல்ல, அந்த விஷயம் அதிகம் தெரிந்தவரிடம் போக வேண்டும் என்பது. விமானந்தாங்கிக் கப்பலில் விமானம் இறங்கும் நேரத்தில் ஆபத்து என்று கண்டால், கீழ்நிலையில் உள்ளவரும் இறங்காதே என்று நிறுத்தலாம். மலையில் யாருக்கு அதிகம் தெரியும்? முப்பது வருடம் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்த அம்மாவுக்குத் தெரியும், எந்த மழைக்கு அது கலங்கும், எந்த மழைக்குக் கலங்காது என்று. கான் வெட்டுகிற ஆளுக்குத் தெரியும், எந்தக் கான் போன வருடம் வரைக்கும் தண்ணீர் ஓடியது, இப்போது ஏன் ஓடவில்லை என்று. ஓடவில்லை என்றால் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம்.

மண் சரிவுக்கு முன்னால் வரக்கூடிய அடையாளங்கள் என்று நிபுணர்கள் சொல்வதைப் பார்த்தால், அவை அத்தனையும் லயத்து மக்கள் கண்ணில் முதலில் படுபவைதான். தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, அல்லது பழைய வெடிப்பு அகலமாவது. மரம், லைட் கம்பம், வேலிக்கால் சாய்வது. கதவு திடீரென்று இறுகிப் போய்ச் சாத்த முடியாமல் போவது. இல்லாத இடத்தில் ஊற்று புறப்படுவது, இருந்த ஊற்று நின்று போவது, தெளிந்த தண்ணீர் சேறாக வருவது. மண்ணுக்குள் சத்தம். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், அதுவும் மழையோடு வந்தால், காரணம் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது.

இங்கே ஒரு கஷ்டம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டோம். போன வருடம் மூன்று ராத்திரி பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை, வீட்டில் இருந்த கோழி இரண்டும் சாமான் சட்டியும்தான் களவு போனது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம். எச்சரிக்கை பலிக்காத ஒவ்வொரு தடவையும் அடுத்த எச்சரிக்கையின் பலம் குறைகிறது. எங்கள் அபிப்பிராயம், "ஒன்றும் நடக்கல்ல" என்பதோடு பேச்சை முடிக்கக்கூடாது. அடுத்த நாளே கூடிப் பேச வேண்டும். எத்தனை மணிக்குச் சேதி வந்தது? யாருக்கு வரவில்லை? நடக்க முடியாதவர்களை யார் தூக்கியது? களவுக்கு என்ன வழி செய்வது? மேல் லயத்து வெடிப்பு அந்த மூன்று நாளில் அசைந்ததா இல்லையா? அப்படிப் பேசினால் அந்த மூன்று ராத்திரியும் வீண் இல்லை. பேசாவிட்டால் வீண்தான்.

நாட்டின் சட்டமும் இப்படித்தான் ஒரு அடியில் இருந்து வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வந்தது. அந்த நிலையத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 117. ஆனால் அதே சுனாமியில் இந்தோனேசியாவின் சிமலுவே தீவில் ஏறக்குறைய 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். அவர்களிடம் சட்டமும் இல்லை, கருவியும் இல்லை. 1907இல் வந்த பெரிய அலையைப் பற்றிப் பாட்டன் பாட்டி சொன்ன கதையும், "ஸ்மோங்" என்ற ஒரு சொல்லும்தான் இருந்தது. நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர் யாரும் என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. டொட்ஜின் ஆட்களிடம் இல்லாதது இதுதான்.

மீரியபெத்தைக்குப் பிறகும் 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் மலைநாட்டு மாவட்டங்களில் மண் சரிவில் போனவர்கள் ஏராளம். இனிமேல் "எதிர்பாராதது" என்று இதைச் சொல்ல முடியுமா என்பதே எங்களுக்குச் சந்தேகம். எந்த இடத்தில், எந்த ராத்திரி என்பதுதான் தெரியாது. பாதுகாப்பான காணியில் வீடு கட்டிக்கொடுப்பதுதான் சரியான மருந்து, அதை நாம் கேட்பதை விடக்கூடாது. அது வரும் வரைக்கும் செய்யக்கூடிய சில காரியங்களைப் பல தோட்டங்களில் மக்களோடு பேசி வைத்திருக்கிறோம்.

சேதி சொல்லும்போது சுருக்காமல் சொல்வது ஒன்று. வெடிப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல், எப்போது பார்த்தோம், அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று சொல்ல வேண்டும். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதியை எழுதிவிட்டால், கோட்டைத் தாண்டி வளர்ந்ததை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆபீசில் சொன்னதோடு நிற்காமல் கிராம சேவகரிடமும் சொல்லுங்கள். இரண்டு வழியில் போன சேதி ஒரு வழியில் சுருங்கினாலும் மற்ற வழியில் போய்ச் சேரும்.

லயத்துக்கு லயம் ஆட்களின் பேர்ப்பட்டியல் ஒன்று மாதர் சங்கத்திடம் இருக்கட்டும். கொழும்பில் வேலைக்கு நிற்கும் பிள்ளையின் பேருக்கு நேரே அதையும் எழுதி வையுங்கள். ஒரு பிரதியை லயத்துக்கு வெளியே, பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ வைக்க வேண்டும். லயத்திலேயே வைத்தால் லயத்தோடு போய்விடும். வெளியேறும் சைகையும் ஒன்றாக இருக்கட்டும். கோயில் மணியா, தப்பா, எதுவானாலும் வேறு எதற்கும் அடிக்காத ஒரு அடியாக இருக்க வேண்டும். யார் அடிக்கலாம் என்பதைப் பகலில், வெயில் நேரத்தில் பேசி முடித்துவிடுங்கள். துரையைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்குப் பங்களாவுக்கு யார் ஓடுவது?

மழையை அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மேலும் கீழும் ஒரே அகலமாக, நேராக உள்ள ஒரு தகர டின் போதும். பால்மா டின் நல்லது. அதில் நிற்கும் தண்ணீரின் உயரத்தைப் பிள்ளைகளின் அடிமட்டத்தால் அளந்தால் அதுதான் மழையின் அளவு. டின் பெரிதா சிறிதா என்பதால் கணக்கு மாறாது, பக்கங்கள் நேராக இருந்தால் சரி. ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது அடிமட்டத்தில் ஏழரை சென்றிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினாலோ உடனே இடத்தை விட்டுப் போக வேண்டும். மேலே சொன்ன அடையாளங்கள் தெரிந்தால் இந்தக் கணக்குக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

டின்னைக் கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெளியான இடத்தில், ஒரு கட்டையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், காலையில் பிரட்டுக்கு முன்னால் அளந்து, கொப்பியில் எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். ராத்திரி பெருமழை என்றால் மணிக்கு ஒரு தடவை பார்க்க இரண்டு வீட்டுக்காரர் முறை போட்டுக்கொள்ளலாம். அந்த மடுவத்து அம்மாவின் டிவிஷனில் இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர்தான் கொப்பி எழுதுகிறார்கள். பிள்ளைகளைக் கீழே உள்ள பள்ளிக்கூட அறைக்கு மாற்றியாகிவிட்டது. பழைய சுவரில் நாங்கள் கடைசியாகப் பார்த்தபோது பென்சில் கோடு நான்கு இருந்தது.